தகடு மூடும் நேரம்

எங்கள் ஊரில் பெலகேயா வீட்டைப் போலக் குளிர்ந்த வீடு வேறு கிடையாது. விறகில்லாத வீடு என்று நினைத்துவிடாதீர்கள். ஊரிலேயே அதிகம் விறகு எரிப்பவள் அவள்தான். என் கொட்டகையில் பிர்ச் கட்டை ஒரு வரிசை குறைவதற்குள் அவள் கொட்டகையில் இரண்டு வரிசை காலியாகிவிடும். இருந்தும் அவள் வீட்டுக்குள் போனால் மேல்கோட்டைக் கழற்ற மனம் வராது. வாசற்கதவின் உட்பக்கத்து ஆணித் தலைகளில் உறைபனி பூத்திருக்கும். தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் கோப்பை சில்லிட்டுவிடும்.

காரணம் ஒரு இரும்புத் தகடு. அடுப்பில் விறகு எரிந்து முடிந்ததும் புகைபோக்கியின் குறுக்கே அந்தத் தகட்டை இழுத்து மூடிவிட வேண்டும். மூடினால் செங்கலில் ஏறிய சூடு மறுநாள் காலை வரை வீட்டுக்குள்ளேயே நிற்கும். மூடாவிட்டால் அத்தனை சூடும் வானத்துக்குப் போய்விடும். ஆனால் தணல் சிவப்பாக இருக்கும்போதே மூடினால் விஷக்காற்று வீட்டுக்குள் இறங்கும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. படுத்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். தணல் மேல் ஓடும் நீலச் சுவாலை அடங்க வேண்டும், கிளறினால் ஒரு பொட்டுச் சிவப்பு தெரியக்கூடாது, அதற்குமேல் தாமதிக்கவும் கூடாது. அந்த நேரத்தைப் பிடிப்பதுதான் சைபீரியாவில் குடும்பம் நடத்தும் பெண்ணின் சாமர்த்தியம். என் நேரம் தப்பியதே இல்லை என்று நான் பெருமை பேசிக்கொண்டு திரிந்தவள்.

பெலகேயாவோ சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்து, சுடவில்லை என்று தெரிந்த பிறகுதான் மூடுவாள். அதற்குள் செங்கலில் பாதிச் சூடு போயிருக்கும். 'வானத்துக்கு அடுப்பு மூட்டுகிறவள்' என்று ஊரில் அவளுக்குப் பெயர். நானும் சொல்லியிருக்கிறேன், எனக்கென்ன வாய் இல்லையா?

அவள் புருஷன் நிகிஃபோர் நல்ல மனுஷன். கூட்டுப்பண்ணையில் டிராக்டர் ஓட்டுபவன். பதினைந்து வருஷமாகக் காது மூடும் தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறான். "என் பொண்டாட்டி என்னை மீன் மாதிரி கெடாம வச்சிருக்கா" என்று சொல்லிச் சிரிப்பான். தகட்டைப் பற்றி மட்டும் அவளிடம் ஒரு வார்த்தை பேசமாட்டான். அவனுக்குக் கதை தெரியும்.

எனக்கும் பிறகு தெரிந்தது. பெலகேயா ஆற்றின் மேற்போக்கில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவள். அவள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம், தகப்பன் மரம் வெட்டப் போயிருந்த சமயம், கடுங்குளிர் பிடித்தது. அம்மா சிக்கனக்காரி, ஒரு சுள்ளியைக்கூட வீணாக்க மாட்டாள். பிள்ளைகளுக்குச் சூடு இருக்கட்டும் என்று அன்றைக்குக் கொஞ்சம் முன்னதாகவே தகட்டை மூடிவிட்டாள். செங்கல் அடுப்பின் அகன்ற மேல்தளத்தில்தான் எல்லோரும் படுப்பார்கள். அங்கே யார் சுவரோரம் படுப்பது என்று பெலகேயாவுக்கும் சின்ன அண்ணனுக்கும் சண்டை. இவள் கோபித்துக்கொண்டு அப்பாவின் பழைய ஆட்டுத்தோல் கோட்டைப் போர்த்திக்கொண்டு கதவடியில் போய்ப் படுத்தாள். கதவின் கீழே காற்று உள்ளே வரும் இடம் அது. விடிந்ததும் தலை பிளக்க எழுந்தாள், வாந்தி எடுத்தாள், தவழ்ந்து போய் அம்மாவை உலுக்கினாள். அம்மாவும் இரண்டு அண்ணன்களும் கன்னம் சிவந்து, நல்ல சூட்டில் தூங்குகிறவர்களாகவே கிடந்தார்கள். செத்துப்போனார்கள் என்பதை அந்தச் சிறுமி நம்பவில்லை. கன்னம் இவ்வளவு சிவப்பாக இருக்கிறதே என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் வாதாடினாளாம்.

இதை அவள் என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னாள். பண்ணைத் தொழுவத்தில் பசுவின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துப் பால் கறந்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் வீட்டுக் குளிரை நான் கேலி செய்யவே இல்லை என்றால் அது பொய். குறைத்துக்கொண்டேன்.

அந்த ஜனவரியில் குளிர் சுழியத்துக்குக் கீழே ஐம்பது டிகிரியில் வந்து உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். நாய்கள் குரைப்பதை விட்டுவிட்டன. சுவர்க் கட்டைகள் இருந்தாற்போல் வெடிக்கும், பிள்ளைகள் துள்ளி எழுந்து அழும். எல்லா வீட்டுப் புகையும் அசையாமல் நேராக நின்றது. அப்படி ஒரு நாளில்தான் காட்டுக்கு வைக்கோல் ஏற்றப் போன நிகிஃபோரின் டிராக்டர் நடுவழியில் நின்றுபோனது. நின்ற இடத்தில் இருந்தால் சாவு என்று தெரிந்து நடந்தே வந்து சேர்ந்தான். கை கால் தப்பியது. நெஞ்சு தப்பவில்லை. காய்ச்சல் ஏறி, மூச்சு கொல்லன் துருத்தி போல இரைந்தது.

ஊர் மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் ரிம்மா வந்து முதுகில் காதை வைத்துக் கேட்டாள். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"ரெண்டு பக்க நுரையீரலும் பிடிச்சிருக்கு" என்றாள். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்ல. விமானம் பறக்காது, லாரியில எண்ணெய் உறைஞ்சு கெடக்கு. ஊசி நான் போடுறேன், மிச்சம் உன் கையில இருக்கு பெலகேயா. இந்த வீடு இப்படிக் கெடந்தா இவர் தாங்கமாட்டார்."

"எவ்வளவு சூடு வேணும்?" என்று கேட்டாள் பெலகேயா.

"மத்தவங்க வீட்ல இருக்கிற அளவு."

ரிம்மா அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பெலகேயாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. தகட்டைத் தாமதமாக மூடினால் குளிர் அவனைக் கொண்டுபோகும். முன்னதாக மூடினால் விஷக்காற்று கொண்டுபோகும். அன்றிலிருந்து அவள் அடுப்பை விட்டு நகரவில்லை. அடுப்பு வாயைத் திறந்து பார்ப்பாள், கிளறுவாள், தகட்டில் கையை வைப்பாள், எடுப்பாள், மறுபடி கிளறுவாள். ஒருமுறை மூடிவிட்டு என் வீட்டுக்கு ஓடிவந்தாள். "அன்ஃபீசா, நீ ஒரு தடவை வந்து பாரேன், கறுப்பாத்தான் இருக்கான்னு. என் கண்ணை என்னால நம்ப முடியல." போய்ப் பார்த்தேன். கறுப்பு என்றால் அப்படிக் கறுப்பு. திட்டிவிட்டு வந்தேன்.

இந்த நிலையில்தான் நாத்தனார்க்காரி வந்து சேர்ந்தாள். நிகிஃபோரின் அக்கா வர்வாரா. ஊரின் மறுகோடியில் தனியாக இருப்பவள். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதல் வேலையாக நாற்காலியை இடம் மாற்றி வைக்கிற ரகம். தம்பி மேல் உயிரையே வைத்திருந்தாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். வாத்துக் கொழுப்பு, காய்ந்த ராஸ்பெர்ரி, கம்பளி எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள். வந்ததும் சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னடி இது, வீடா பனிக்கிடங்கா? என் தம்பிய உறைய வச்சு வசந்தத்துக்கு எடுத்துச் சமைக்கப் போறியா?"

"தணல் இன்னும் இருக்கு அக்கா."

"தணல் இருக்கும்போது மூடாம, அணைஞ்ச அப்புறம் எதுக்கு மூடணும்? சாம்பலுக்குக் குளிருமா?"

"கொஞ்சம் பொறுங்க. கொஞ்ச நேரம்."

"உன் கொஞ்ச நேரத்துல இவன் போய்ச் சேந்துருவான்!"

போர்வைக் குவியலுக்குள்ளிருந்து நிகிஃபோரின் குரல் வந்தது. "நல்லா சண்டை போடுங்க. அதுலயாவது சூடு வரட்டும்." சிரிக்கப் போய் இருமினான். அந்த இருமல் நிற்கிற வரை இருவரும் வாயை மூடிக்கொண்டு அவனையே பார்த்தார்கள். பாவம், இருவருமே அவனுக்காகத்தான் பயந்தார்கள். ஆளுக்கொரு பயம், அவ்வளவுதான்.

மறுநாள் பண்ணையில் கறவைக்காரிகள் பாதிப் பேர் காய்ச்சலில் விழுந்துவிட்டார்கள். பெலகேயா வராவிட்டால் மத்தியானக் கறவை நடக்காது, மாடுகளுக்கு மடி கட்டிவிடும். பண்ணைத் தலைவர் ஆள் அனுப்பினார். அவளை அழைத்துப்போக நான் போனபோது அடுப்பில் தீ கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. தலைத்துணியைக் கட்டி முடித்துவிட்டும் அவளால் வாசலைத் தாண்ட முடியவில்லை.

"அக்கா, நான் வர்றவரைக்கும் தகட்டைத் தொடாதீங்க. உங்க கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிறேன்."

"போடி, போய்ப் பாலைக் கற. நான் அடுப்பு மேலயே பொறந்தவ."

"தொடமாட்டேன்னு சொல்லுங்க."

"சரி சரி. கதவைச் சாத்து, சூடு போகுது!"

தொழுவத்தில் அவள் கறந்த கறவையைச் சொல்லி முடியாது. பசு உதைத்தது, வாளி கவிழ்ந்தது. "மூடியிருப்பாங்களா, அன்ஃபீசா?" என்பாள். "மூடமாட்டாங்க" என்பேன். சற்று நேரம் போகும். "சரின்னு சொன்னாங்க, தொடமாட்டேன்னு சொல்லல, கவனிச்சியா?" என்பாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. "உன் பயத்தை எனக்கும் ஒட்ட வைக்காதே" என்று கத்தினேன். ஆனால் ஒட்டிக்கொண்டது. வேலை முடிந்ததும் நானும் அவளோடு வேகமாகத்தான் நடந்தேன். அந்தக் குளிரில் ஓடக்கூடாது, ஆழமாக மூச்சிழுத்தால் நெஞ்சு கருகும். கம்பளியை வாயில் பொத்திக்கொண்டு, பாதி ஓட்டமும் பாதி நடையுமாக வந்தோம்.

சூரியன் காட்டு விளிம்பில் இறங்கியிருந்தது. தெரு திரும்பினால் அவள் வீட்டுக் கூரை தெரியும். தகடு திறந்திருந்தால், தீ அடங்கிப் புகை நின்ற பிறகும் புகைபோக்கிக்கு மேலே காற்று நடுங்கிக்கொண்டிருக்கும். என் வீட்டுப் புகைபோக்கியின் மேல் அப்படி நடுங்கியது. அவள் வீட்டின் மேல் வானம் அசையாமல் இருந்தது.

"மூடிட்டாங்க" என்றாள்.

பிறகு அவள் ஓடினாள். குளிராவது நெஞ்சாவது, ஓடினாள். நான் வேலியருகே போவதற்குள் அவள் சன்னலை இரண்டு கையாலும் அறைந்துகொண்டிருந்தாள். "நிகிஃபோர்! அக்கா! நிகிஃபோர்!" கண்ணாடியில் விரல் தடிமனுக்குப் பனி, உள்ளே எதுவும் தெரியாது. பதிலும் இல்லை. வாழ்க்கையில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை, இனி கேட்கவும் வேண்டாம். சுவரில் சாய்த்திருந்த பனி வாரும் மண்வெட்டியை அவள் எடுப்பதைப் பார்த்தேன். "கதவு! கதவு வழியாப் போ!" என்று கத்தினேன். அவள் காதில் விழவில்லை. வெளிக்கண்ணாடிச் சட்டம் போயிற்று, உள்கண்ணாடிச் சட்டம் போயிற்று. அடுத்த சன்னலுக்குப் போய் அதையும் உடைத்தாள்.

ஐம்பது டிகிரிக் குளிர் வெள்ளை மூட்டமாக அந்த ஓட்டைகள் வழியே வீட்டுக்குள் உருண்டு போனது. நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். கதவு சும்மாதான் சாத்தியிருந்தது.

இருவரும் உயிரோடு இருந்தார்கள். வர்வாரா அடுப்புத் தளத்திலிருந்து விழுந்தெழுந்து, தலைத்துணி அவிழ்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே கட்டிலில் நிகிஃபோர் கண்ணைத் திறந்தான். "கதவு பூட்டலையே, பெலகேயா..." என்றான். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. குளிர்க்காற்று உள்ளே போனதும் மூச்சு அடைத்து வாயைப் பிளந்தான்.

பெலகேயா அவனைப் பார்க்கவே இல்லை. அடுப்பிடம் பாய்ந்து தகட்டை இழுத்துத் திறந்தாள், தண்ணீர் வாளியைத் தூக்கி அடுப்புக்குள் கொட்டினாள். ஆவியும் சாம்பலும் வீடெங்கும் சீறிக் கிளம்பின. உள்ளே தணல் இருந்ததா இல்லையா என்று இனி யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

"கொலைகாரி!" என்று வர்வாரா அலறினாள். "எல்லாம் கறுத்துப் போயிருந்துச்சு! நல்லாத் தூங்கிட்டு இருந்தான்! அவனைக் கொன்னுட்டியேடி!"

சண்டைக்கு நேரமில்லை. என் புருஷன் சவேலியைக் கூப்பிட்டேன். நிகிஃபோரை மெத்தையோடு சுருட்டி, முகத்தின் மேலும் ஆட்டுத்தோலைப் போட்டு மூடி, கைச்சறுக்கு வண்டியில் கிடத்தி என் வீட்டுக்கு இழுத்து வந்தோம். அந்தத் தோலுக்கு அடியில் இருமல் கேட்டது. கேட்கும்வரை நல்லது என்று நினைத்துக்கொண்டே இழுத்தேன். வேலிக்கு இந்தப் பக்கம் வந்தபோது அது நின்றது. மிச்ச தூரத்தை ஓடியே இழுத்தோம். வீட்டுக்குள் தோலை விலக்கினால், உதடு நீலம் பாரித்திருந்தது, ஆனால் மூச்சு இருந்தது.

ரிம்மா வந்து ஊசி போட்டாள். நெஞ்சில் காதை வைத்து வெகு நேரம் கேட்டாள். "இந்த ராத்திரி தாண்டினா சொல்றேன்" என்றாள்.

வர்வாரா மட்டும் நிறுத்தவில்லை. பெலகேயா என் வீட்டு மூலையில் தரையில் உட்கார்ந்து கை வெட்டுக்காயத்தைக்கூடக் கட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "பைத்தியக்காரி. சின்ன வயசுல அம்மாவைப் பறிகொடுத்தா, அதுக்காக என் தம்பி சாகணுமா? ஊரே மூடுது. ஊரே உயிரோட இருக்கு." அவள் பேசப் பேச, நானும் உள்ளுக்குள் தலையாட்டினேன். சொன்னால் என்ன? அப்போது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வர்வாரா நடுநடுவே நெற்றிப் பொட்டை அழுத்திக்கொண்டாள், ஒருமுறை வெளித்தாழ்வாரத்துக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தாள். கத்திக் கத்தித் தலைவலி என்றாள். எனக்கும் வேறெதுவும் உறைக்கவில்லை.

இருட்டி, இரவுச் சாப்பாட்டுக்கு முன் என் அடுப்பு தணிந்தது. நோயாளிக்குச் சூடு வேண்டும், ஒரு துளியும் வீணாகக் கூடாது. அடுப்பு வாயைத் திறந்து பார்த்தேன். மேலே எல்லாம் கறுப்பு. நல்ல நேரம். எழுந்து தகட்டில் கை வைத்தேன்.

வர்வாரா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் நகம் பதிந்தது.

"கிளறிப் பாரு" என்றாள்.

"பாத்தாச்சு. கறுப்பு."

"கிளறிப் பாருன்னு சொல்றேன்!"

கிளறுகோலை எடுத்துச் சாம்பலைப் புரட்டினேன். அடியில் ஒரு கட்டைத் துண்டு முழுசாகச் சிவந்து கிடந்தது. காற்றுப் பட்டதும் அதன் மேல் நீலம் ஓடியது. இருபது வருஷமாக அந்த அடுப்பை எரிக்கிறேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அதன் மேல்தளத்தில் அப்போதே தூங்கிப்போயிருந்தார்கள். கிளறுகோல் கையிலிருந்து விழுந்து கணீரென்றது.

வர்வாரா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் கிளறல" என்றாள். "மேல கறுப்பா இருந்துச்சு. குளிருதுன்னு அவன் சொன்னான். மூடிட்டேன். கிளறவே இல்ல, பெலகேயா." இருவரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வர்வாரா மெதுவாக நகர்ந்து அவள் பக்கத்தில் போனாள். "உனக்கு எப்படிடி தெரிஞ்சுச்சு?"

"எனக்கு ஒண்ணும் தெரியல அக்கா" என்றாள் பெலகேயா. சன்னலை உடைத்த பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. "தணல் இருக்குன்னு தெரிஞ்சு உடைக்கல. பயந்து உடைச்சேன். இவர் போயிட்டா உடைச்ச பாவம் எனக்குத்தான். இப்பவும் எனக்குப் பயமாத்தான் இருக்கு."

வர்வாரா தன் தலைத்துணியைக் கிழித்து அவள் கைக்குக் கட்டுப் போட்டாள். கட்டைத் துண்டு முழுக்கக் கறுத்துச் சாம்பலாகும் வரை மூன்று பேரும் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தோம். வீடு சில்லிட்டது. சவேலி முனகினான், பிறகு எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு எழுந்துபோய்த் தன் கோட்டை நிகிஃபோர் மேல் போர்த்தினான். நானும் வீட்டில் இருந்த துணியை எல்லாம் பிள்ளைகளின் மேல் போட்டேன். அதுவரை யாரும் தகட்டைத் தொடவில்லை.

விடிந்தபோது நிகிஃபோர் முட்டைக்கோஸ் ஊறுகாய்த் தண்ணீர் கேட்டான். பெலகேயா கோப்பையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ரிம்மா வந்து நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "காய்ச்சல் இறங்குது" என்றாள். முழுக்கத் தேற ஆற்றில் பனிக்கட்டி உடையும் வசந்தகாலம் ஆயிற்று, பிழைத்துக்கொண்டான்.

அன்று காலையிலேயே வர்வாரா பலகையும் சுத்தியுமாகப் போய்ப் பெலகேயா வீட்டுச் சன்னல்களை அடைக்கத் தொடங்கினாள். சேதி அதற்குள் ஊர் சுற்றியிருந்தது. தெருக்கோடி வீட்டு கிளாஷா தண்ணீர் வாளியோடு வேலியருகே நின்றாள். கண்ணெல்லாம் ஆவல்.

"பெலகேயாவுக்குப் பைத்தியம் முத்திப்போய்ச் சன்னலை உடைச்சாளாமே?"

வாயில் வைத்திருந்த ஆணிகளை வர்வாரா கையில் துப்பினாள். "நான் தணலைக் கிளறாம தகட்டை மூடினேன். அவ உடைச்சா. உன் வீட்ல இன்னைக்கு யாரு மூடினது?"

"நான்தான். ஏன்?"

"கிளறினியா?"

கிளாஷா தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் அவள் மாமியாரும் கைக்குழந்தையும் இருந்தார்கள். வாளியை அப்படியே பனியில் வைத்துவிட்டு, அந்தக் குளிரில் வாயைத் திறந்துகொண்டு ஓடினாள்.